வடக்குப் பார்த்த சுவர்

மார்கழி கடைசி வாரம். எட்டு மணி ஆகியும் தெருவில் பனி ஈரம் காயவில்லை. அவிநாசி சாலையை விட்டு உள்ளே திரும்பி இரண்டு வளைவு தாண்டினால் வரும் பீளமேட்டுத் தெரு இது. பேருந்துச் சத்தம் கேட்கும், பேருந்து தெரியாது. விமானம் மட்டும் தலைக்கு மேல் சக்கரம் தெரிய இறங்கும், யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. தென்வரிசையில் ஒரு பழைய வீடு. அதன் மதில் முழுக்கக் கருங்கல். மேலே பூச்சு கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. அறுபதடி நீளம், நெஞ்சளவு உயரம். எதிர்வீட்டு மாடி வராந்தாவில் நாற்காலி போட்டால் மொத்தச் சுவரும் ஒரே பார்வையில் அடங்கிவிடும்.

டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்து இறங்கிய இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. கொத்தனார், அவர் வீட்டம்மா. வண்டியின் முன்னால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் தேங்காய் நார்ப் பிரஷ்கள், சீவிய மூங்கில் சிம்பு, கழித்துப்போட்ட பல் பிரஷ் ஒரு கட்டு, சீமாறு, கரண்டி, சின்ன உளி. ஒவ்வொன்றாக வெளியே வர வர, கேட்டருகே நின்ற வீட்டு மருமகளின் முகம் சுண்டிக்கொண்டே போனது.

"மெசின் எதும் கொண்டாரலீங்ளாண்ணா?"

"இல்லீங் அம்மிணி. மொதல்ல செவுத்தப் பாத்துக்கறனுங்."

பார்க்கத்தான் செய்தார். மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு ஒரு நடை, திரும்ப ஒரு நடை. அங்கங்கே உள்ளங்கையை வைத்து எடுத்தார். ஒரு இடத்தில் கல் இடுக்கை நகத்தால் கீறி, வந்த பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தார். இரண்டு முறை சுவரை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் நிற்கும் வீட்டின் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார். அங்கே என்ன இருக்கிறது என்று அப்போது புரியவில்லை. கால் மணி நேரம் இப்படியே போனது. கூலி கொடுப்பவருக்கு இந்தக் கால் மணி நேரம் வீணாகத்தான் தெரியும். மருமகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உள்ளே போனார்.

வீட்டுப் பெரியவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியிலேயே போட்டு உட்கார்ந்தார். வேலையாளை மேற்பார்க்க வந்தவராகத் தெரியவில்லை. பேச ஆள் கிடைத்தது என்று வந்தவர்.

"இதெல்லாம் இந்தத் தோட்டத்துக் கெணத்துல வெட்டுன கல்லு, தெரியுமா? எங்கப்பாரு காலம். ஒரு கல்லுகூட வெளிய வாங்குனதில்ல."

"தெரியுதுங்கய்யா. கெணத்துக் கல்லுன்னா வரி ஓடுங்."

வரி ஓடுகிறதுதான். சாம்பல் நிறத்துக்குள் வெள்ளையும் இளஞ்சிவப்பும் பட்டை பட்டையாக நெளிகின்றன. கோயமுத்தூரின் அடியில் கிடப்பது பெரும்பாலும் இந்த வரிப்பாறை. நிலவியல்காரர்கள் நைஸ் என்பார்கள். மழை குறைந்த நாடு, பாறையை வெடி வைத்துப் பிளந்து ஆழ ஆழக் கிணறு இறக்கிய நாடு. கிணற்றிலிருந்து ஏறிய கல்லை என்ன செய்வது? வேலிக்கல்லாக நட்டார்கள், கட்டுத்தறி கட்டினார்கள், மிஞ்சியதை மதிலாக அடுக்கினார்கள். 1932இல் பைகாரா மின்சாரம் வந்து ஊரெங்கும் மில்கள் முளைத்த பிறகு பீளமேட்டுத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீட்டுமனையாயின. கிணறு மூடப்பட்டது. கல் மட்டும் தெருவோரம் நிற்கிறது. தண்ணீருக்காக வெட்டிய கல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சுவரின் கதை முழுக்கத் தண்ணீர்தான்.

சுவரில் ஒரே அழுக்கு என்று தூரத்தில் நினைத்தது, வெளிச்சம் ஏறியதும் நாலைந்தாகப் பிரிந்தது. அடியில் முழங்கால் உயரத்துக்குப் பச்சை. மழை தெருவில் அடித்துத் தெறிக்கும் உயரம் அவ்வளவுதான். மேலே பரப்பிய பலகைக்கல்லின் விளிம்பிலிருந்து கீழே இறங்கும் கறுப்புக் கோடுகள். கேட்டை ஒட்டி, காவி கலந்த ஆரஞ்சில் ஒரு திட்டு. நடுவில் சாம்பல் பச்சையாக வட்ட வட்டத் தேமல். கிழக்குக் கோடியில் மட்டும் மேலிருந்து கீழ்வரை அடர்த்தியான பச்சை, அதன் நடுவே உப்புப் பூத்த வெள்ளை.

தெருவில் போகிறவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். கறுப்பு பஸ் புகையாம். ஆரஞ்சு, கேட்டிலிருந்து இறங்கிய துருவாம். இரண்டும் இல்லை. அந்தக் கறுப்பு உயிருள்ளது. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள், வெயிலில் வெந்து போகாமலிருக்கத் தம் உறையில் கரும்பழுப்பு நிறமியை ஏற்றிக்கொண்டு கல்மேல் படிந்திருக்கின்றன. நம் கோயில் விமானங்கள் கறுத்துப் போனதிலும் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆரஞ்சுத் திட்டு டிரென்டிபோலியா. வகைப்படி பார்த்தால் அது பச்சைப்பாசி. கேரட்டுக்கு நிறம் தரும் இனத்து நிறமி அதில் மிகுந்திருப்பதால் பச்சை வெளியே தெரிவதில்லை. கையில் தொட்டால் மெத்தென்று இருக்கும், துரு அப்படி இருக்காது. வட்டத் தேமல்கள் லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். மளிகைக் கடையில் கல்பாசி என்று வாங்கிக் குழம்பில் போடுகிறோமே, அதன் பங்காளி. கல்லோடு ஒட்டிப் படரும் வகைகளில் சில ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் இருந்தால், அது தொடங்கிய நாளில் இந்தப் பக்கத்து மில்களில் மூன்று ஷிப்டுக்கும் சங்கு ஊதிக்கொண்டிருந்திருக்கும்.

லைக்கன் இருப்பது ஒரு வகையில் நல்ல சேதி. 1866இலேயே பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் நைலாண்டர் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்து எழுதினார்: நகரின் மற்ற இடங்களில் காற்று கெட்டதால் அழிந்த லைக்கன்கள் அந்தத் தோட்டத்தில் மட்டும் பிழைத்திருந்தன. அவிநாசி சாலைக்கு இவ்வளவு கிட்டத்தில் நாலு வட்டம் உயிரோடு இருப்பதைக் கண்டு மகிழ வேண்டியதுதான். மருமகளிடம் போய் இதைச் சொல்ல முடியாது. பொங்கலுக்கு ஒறம்பரை வருகிறார்கள். அவருக்குச் சுவர் பளிச்சென்று வேண்டும்.

இனி, ஏன் இந்தப் பக்கம் மட்டும் இவ்வளவு. சுவரின் தெருமுகம் வடக்குப் பார்த்தது. கோவை பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியில் இருக்கிறது. புரட்டாசியில் தெற்கே இறங்கும் சூரியன் பங்குனியில்தான் திரும்பி வரும். அந்த ஆறு மாதமும் வடக்கு முகத்துக் கல்லில் நேர் வெயில் ஒரு துளி விழாது. நம் பக்கத்து மழையில் பெரும்பகுதி கொட்டுவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். மழை வரும்போது வெயில் இல்லை. வெயில் வரும்போது மழை இல்லை. பாசிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இத்தனைக்கும் வால்பாறை மழை இங்கே கிடையாது. அங்கே ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். பீளமேட்டில் 700ஐ எட்டினால் நல்ல வருசம் என்று பேச்சு. ஆனால் பாசி பெய்த அளவைக் கணக்கில் எடுப்பதில்லை. எத்தனை நாள் ஈரம் நின்றது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு.

இந்தியாவில் எந்த ஊர்ச் சுவரிலும் காணக்கூடிய பாசி ஒன்று உண்டு, ஹையோஃபிலா. அதற்கு வேர் கிடையாது. கல்லைப் பிடித்துக்கொள்ள நூல் போன்ற ஒட்டுறுப்புகள். குடிக்கும் தண்ணீர் முழுக்க இலை வழியாகத்தான். வெயில் ஏறினால் இலையை உள்புறமாகச் சுருட்டிக்கொண்டு செத்தது போல் கிடக்கும். கோடை முழுக்க அப்படியே கிடந்து, முதல் மழைக்குச் சில நிமிடங்களில் விரிந்துகொள்ளும். சித்திரையில் சுவர் சுத்தமாகிவிட்டது என்று நாம் நினைப்பது அதன் தூக்கத்தைப் பார்த்துத்தான்.

கொத்தனாரின் வீட்டம்மா கிழக்குப் பக்கம் வரவில்லை. மேற்கிலிருந்து ஆரம்பித்தார். முதலில் தண்ணீரே இல்லை. மூங்கில் சிம்பைக் கல்லுக்கும் பாசிக்கும் நடுவே படுக்கையாக நுழைத்து நெம்ப, பாசி வில்லை வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. விழுவது தெருவில் சிதறாமல் கீழே ஒரு சிமெண்ட் சாக்கைக் கிழித்து விரித்திருந்தார். பாதி வேலை இந்தச் சிம்பிலேயே முடிந்துவிடுகிறது. ஈரத்தில் தேய்த்தால் அதே பாசி குழம்பாகிக் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கும் என்பதை அவர் யாருக்கும் விளக்கவில்லை. கம்பி பிரஷ் ஒன்றுகூட அவர் வாளியில் இல்லாததற்கும் விளக்கம் வரவில்லை. கம்பியின் துகள் கல்லில் தங்கினால், அடுத்த மழைக்கு ஒவ்வொரு துகளும் ஒரு துருப்புள்ளி. அப்போது நிஜமாகவே ஆரஞ்சுக் கறை வரும்.

அடுத்து வாளித் தண்ணீர். ஒரு வாளியில் நுரை நின்றது. சோப்புத்தூள் மணம் இல்லை. இரவே ஊறப்போட்டுக் கசக்கிய பூந்திக்கொட்டை. சுவரை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்தார், கீழிருந்து மேலாக. கல் தாகம் தீரக் குடித்த பிறகு நுரைத் தண்ணீர், அதன்மேல் நார்ப் பிரஷ். பொள்ளாச்சிப் பக்கம் மலை மலையாகக் குவிந்து கிடக்கும் அதே நார். வட்டமாகத் தேய்ப்பதில்லை; கல்லின் வரி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாக. இடுக்குக்குப் பல் பிரஷ். தேய்த்த இடத்தில் உடனே தண்ணீர் விட்டு அலசல். ஒரு முழம் முடிய எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தால், பொறுமை இல்லாதவருக்குப் பைத்தியம் பிடிக்கும்.

தொல்லியல் துறைக்கு அறிவியல் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 1917இல் ஒரு வேதியியலாளரோடு தொடங்கியது, தலைமையிடம் டேராடூன். கோயில் கற்களில் பாசி எடுக்க அவர்கள் வெகுகாலமாகக் கையாளும் முறை, நீர்த்த அம்மோனியாவோடு மென்மையான சலவைத் திரவம் கலந்து, மிருதுவான பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரால் அலசுவது. பூந்திக்கொட்டையின் நுரைக்குக் காரணமான சப்போனின் அந்தச் சலவைத் திரவத்துக்குத் தூரத்து உறவு. டேராடூனும் இந்த அம்மாவும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

ஒன்பதரைக்கு மருமகள் ஒரு பாட்டிலோடு வந்தார். பாத்ரூம் கழுவும் ஆசிட்.

"இத ஊத்துனா உடனே போயிரும்னு கடைக்காரர் சொன்னாருங்ணா."

கொத்தனார் மறுத்துப் பேசவில்லை. கீழே உதிர்ந்து கிடந்த பழைய சாந்துத் துண்டு ஒன்றைப் பொறுக்கிப் பலகைக்கல் ஓரத்தில் வைத்தார். பாட்டில் மூடியால் அரை மூடி ஊற்றினார். புஸ்ஸென்று பொங்கியது. நுரை அடங்கியபோது துண்டு சேறாகிக் கிடந்தது. மூடியைக் கழுவி, திருகி, பாட்டிலை மருமகளிடமே திருப்பிக் கொடுத்தார். கல் தாங்கிக்கொள்ளும், கல்லைப் பிடித்து நிற்கும் சாந்து தாங்காது. கல்லிலும் கறுப்பு மினுக்காகத் தெரியும் இரும்புச் சத்துள்ள துணுக்குகளில் ஆசிட் பட்டால் நாளாக நாளாக மஞ்சள் பாயும். அது பாசியைப் போலத் தேய்த்தால் போகிற கறை அல்ல.

மெசின் ஆசை அத்தோடு தீரவில்லை. கல்லூரி விடுமுறையில் இருந்த பேரன், கார் கழுவ வாங்கிய பிரஷர் வாஷரை இழுத்துக்கொண்டு வந்தான். பம்பு செய்தே பேர் வாங்கிய ஊர்; தண்ணீரை வேகமாக அடிப்பதில் எங்களுக்கு ஒரு தனி நம்பிக்கை உண்டு. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் வாஷரே நூறு பாருக்கு மேல் போகும். ஒரு சதுர சென்டிமீட்டரில் நூறு கிலோ எடையை வைத்து அழுத்துவதற்குச் சமம்.

"தாத்தா, சித்த நகந்துக்கங்க. அஞ்சு நிமிசத்துல காட்டறேன்."

"அடிங்க தம்பி."

நகர்ந்து கொடுத்தார். வீட்டம்மாவும் சேலையைச் செருகிக்கொண்டு எட்ட நின்றார். வாஷர் அலறியது. இரண்டடிக்கு இரண்டடி சதுரத்தில் கறுப்பு, பச்சை, சாம்பல் எல்லாம் பறந்து, கிணற்றிலிருந்து நேற்று ஏறியது போல் கல் வெளுத்துத் தெரிந்தது. அழகுதான், பொய் சொல்லக்கூடாது. பேரன் வாஷரை நிறுத்திவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தான். பெரியவரும் "அட!" என்றார்.

வாஷரின் சத்தம் நின்ற பிறகும் ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. சரசரவென்று மணல் கொட்டும் சத்தம். வெளுத்த சதுரத்தின் இடுக்குகளில் சாந்து இல்லை. மேலே பூசியிருந்த சிமெண்ட் பட்டை ஓடோடு கழன்று விழுந்திருந்தது. அதன் பின்னால், எண்பது தொண்ணூறு வருடமாக உள்ளே இருந்த சுண்ணாம்புச் சாந்து ஈரமும் மணலுமாக வழிந்துகொண்டிருந்தது. கொத்தனார் ஆள்காட்டி விரலை இடுக்கில் விட்டார். இரண்டாவது கணு வரை போனது. விரலை அப்படியே வைத்துக்கொண்டு பேரனைத் திரும்பிப் பார்த்தார். பையன் வாஷரின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

தமிழ்நாட்டுக் கோயில்களில் இது பெரிய அளவில் நடந்து முடிந்த கதை. திருப்பணி என்ற பேரில் அழுத்தக் காற்றில் மணலை வைத்து அடித்தார்கள். கறுப்பு போயிற்று. கல்வெட்டின் எழுத்து விளிம்பும் சிற்பத்தின் நகையும் நகமும் கூடவே தேய்ந்து போயின. கல்வெட்டு படிப்பவர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் அது தவறு என்று வெளியே தெரிந்தது. இங்கே போனது ஒரு தோட்டத்து மதிலின் சாந்து. அதைத் திரும்ப வைத்துவிடலாம்.

உள்ளே இருந்த சுண்ணாம்பைப் பார்த்த பிறகு கொத்தனார் வேலையின் வரிசையையே மாற்றினார். இந்தச் சுவரைக் கட்டியவர்கள் சுண்ணாம்பில் கட்டியிருக்கிறார்கள். மதுக்கரையில் 1934இல் சிமெண்ட் ஆலை வந்தது. பின்னால் எப்போதோ யாரோ ஒருவர், பலமாக இருக்கட்டும் என்று இடுக்குகளின் மேல் சிமெண்டை இழுத்துவிட்டார். சுண்ணாம்பு மூச்சு விடும், உள்ளே போன ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் வாயைச் சாத்தும். சாத்திய ஈரம் வேறு வழியின்றிக் கல் வழியாகக் கசிந்து, கல்லின் முகத்திலேயே தங்கி, பாசியை வளர்த்திருக்கிறது. பலப்படுத்தியவர் நல்ல மனதோடுதான் செய்திருப்பார்.

"ஏம்புள்ள, பல் பிரஷ்ஷ வெச்சுட்டு இக்கட்ட வா. கழண்ட பட்டைய மட்டும் தட்டி எடு. புடிச்சிருக்கறத நோண்டாத."

"தெரியுதுங்."

அந்தத் தெரியுதுங்கவில் லேசான கடுப்பு. நாற்பது வருடமாகக் கேட்ட புத்திமதி போலும். உளியைப் படுக்கையாகப் பிடித்து அவர் தட்டுவதைப் பார்த்தால், கேட்டிருக்கவே வேண்டியதில்லை என்று தெரிகிறது. கல் மேல் உளி ஒருமுறைகூடப் படவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடுக்கில் விரல் நீளத்துக்கு அரசங்கன்று. காக்கை போட்ட விதை. விட்டால் பத்து வருடத்தில் மதிலை இரண்டாகப் பிளந்துவிடும். அதைக் கிள்ளிப் போட்டிருக்கலாம். கிள்ளினால் மறுபடி தழையும். அந்த அம்மா கன்றைச் சுற்றியிருந்த சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, அரைச்சாண் வேரையும் அறுபடாமல் உருவினார். உருவியதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஏனுங்கம்மிணி, காலிப் பால் கவர் ஒண்ணு இருந்தாக் குடுங். அரசு, வீசக்கூடாது."

கவர் வந்தது. சாக்கில் கிடந்த பாசியையே பிழிந்து அடியில் போட்டு, கன்றை வைத்து, வண்டியின் கைப்பிடியில் மாட்டினார். எங்கே நடுவார் என்று தெரியவில்லை. இந்த ஊரில் அரசமரம் வைக்க இடம் யாரிடம் இருக்கிறது?

கேட்டுத் தூணை ஒட்டிய கல்லில் மஞ்சளும் குங்குமமும் அப்பிய ஒரு வட்டம் இருந்தது. ஆயுத பூசைக்கு வீட்டிலிருக்கும் கார், மோட்டார், கதவு எல்லாவற்றுக்கும் வைக்கும்போது இந்தக் கல்லுக்கும் வைக்கிறார்கள், வருடா வருடம், ஒன்றின் மேல் ஒன்றாக. எண்ணெய்ப் பிசுக்கோடு கல்லில் ஊறிப்போன கறை. இரண்டு நாள் கழித்துக் காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் கட்டிய கொத்தை இறவாரத்திலும் கேட்டிலும் செருகுவார்கள். அன்றைக்கு இந்தக் கல்லுக்கும் ஒரு பொட்டு விழும். பிரஷ் அந்தக் கல்லின் விளிம்பு வரை வந்து, சுற்றிக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போயிற்று. சுத்தம் செய்யச் சொன்னவர்களும் ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை.

பத்தரை மணி வாக்கில்தான் அந்தச் சம்பவம். மேற்குப் பாதி முடிந்து, கிழக்குக் கோடியில் முதல் நாலு முழம் அலசி நிறுத்தியிருந்தார்கள். அதுதான் எல்லாவற்றிலும் அழுக்கான இடம். மழை நின்று வாரங்கள் ஆகியும் அங்கே மட்டும் பாசி சொதசொதவென்றுதான் இருந்தது. அலசிய கல் மெல்ல வெளுத்துக் காய்ந்துகொண்டிருந்தபோது, பின்னால் மொட்டை மாடியில் களகளவென்று ஒரு சத்தம். தண்ணீர்த் தொட்டி நிறைந்து, வழியும் குழாயிலிருந்து ஒரு கைத்தடிமன் தாரை இறங்கியது. நேராகச் சுவரின் தலையில். பலகைக்கல்லில் அடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிதறி, தேய்த்து வைத்த நாலு முழத்தையும் நனைத்துவிட்டுத் தெருவில் ஓடியது.

கொத்தனார் இரண்டு முறை அண்ணாந்து பார்த்தது இதைத்தான்.

"மோட்டார ஆஃப் பண்ணு!" என்று பெரியவர் உள்ளே பார்த்துக் கத்தினார். பேரன் ஓடினான். தாரை மெலிந்து, சொட்டி, நின்றது.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மருமகள்தான் முதலில்.

"தெனமும் இப்பிடித்தான் மறந்தர்றமுங்ணா."

"போர்த் தண்ணிங்களா அம்மிணி?"

"ஆமாங்."

"அதான் வெள்ளையுங்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு கல்லுக்குள் இறங்கி, காயும்போது வெளியே வந்து பூக்கிறது. நாள் தவறாமல் ஒரு வேளை மழை. பெய்வது வானம் இல்லை, மறதி. அறுபதடிச் சுவரில் இருபதடிக்கு மட்டும் வால்பாறை. இதை மெசினால் அடித்தாலும், ஆசிட் ஊற்றினாலும், பூந்திக்கொட்டையால் தடவிக் கொடுத்தாலும் அடுத்த ஆடிக்குள் பாசி திரும்பியிருக்கும். அந்தக் குழாயில் இரண்டடி பி.வி.சி. பைப்பும் ஒரு எல்போவும் சேர்த்துத் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டால் தென்னைக்குப் பாயும். பிளம்பருக்கு அரை மணி நேர வேலை.

பாசி அழுக்கு என்ற எண்ணமே எல்லா ஊருக்கும் பொது இல்லை. ஜப்பானின் கியோட்டோவில் சைஹோஜி என்ற புத்தக் கோயிலில் நூற்றிருபது வகைப் பாசி வளர்கிறதாம். தரை முழுக்கப் பச்சை மெத்தை, அதன்மேல் விழும் சருகைப் பொறுக்க ஆள் உண்டு. இங்கிலாந்தில் புதிதாகக் கட்டிய கல்சுவர் பழசாகத் தெரிய வேண்டும் என்று தயிர் பூசி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஒறம்பரை வரும் வீட்டில் இதையெல்லாம் சொன்னால், மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மதியத்துக்கு மேல் உள்பக்கம் போனார்கள். தோட்டத்து முகம் இங்கிருந்து தெரியாது. பிரஷ் தேயும் சத்தம் மட்டும், நடுநடுவே அந்த அம்மாவின் இருமல், பெரியவர் கிணற்றுக் கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. தெருப்பக்கச் சுவர் ஈரம் உலர்ந்து நின்றது. அடிப்பச்சை இல்லை. கறுப்புக் கோடுகள் பாதிக்கு மேல் போய், சாம்பல் நிழலாக மிச்சம். ஆரஞ்சில் ஒரு சாயல் இருந்தது. வாஷர் அடித்த சதுரம் மட்டும் சுற்றியுள்ள கல்லோடு சேராமல், ஒட்டுப்போட்ட துணியாகத் தனித்து நின்றது. அது மங்கிச் சேர நாலைந்து மழைக்காலம் ஆகும். அதுவரை பேரன் தினமும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நாலு வட்ட லைக்கனையும் அவர் தொடவில்லை.

சாயங்காலம் கணக்குத் தீர்க்கும்போது அதுதான் பேச்சானது. மருமகள் விரலால் காட்டினார். "இது நாலும் அப்படியே இருக்குதுங்ளே."

"இருக்குட்டுங் அம்மிணி. அது கல்லுக்குள்ளாறயே எறங்கிருச்சுங். பேத்தா கல்லுத் தோலும் கூட வருங். செவுத்துக்கு அதுனால எதும் ஆவாதுங்."

மருமகளுக்குச் சமாதானம் ஆகவில்லை. நாலு வட்டத்துக்குக் கூலியில் ஒரு நூறு குறைத்தால் என்ன என்ற யோசனை முகத்தில் வந்து போனது. பெரியவர் தொண்டையைச் செருமினார். கூலி முழுசாக வந்தது. இடுக்குகளுக்குச் சுண்ணாம்புச் சாந்து வைக்க நாளை வருவதாகவும், சுண்ணாம்பு இன்றிரவே ஊற வேண்டும் என்றும், தொட்டிக் குழாயைத் திருப்பாமல் சாந்து வைத்தால் காசு தண்டம் என்றும் கொத்தனார் சொன்னார். பிளம்பர் நம்பரை மருமகள் அப்போதே போனில் தேடினார். நாளைக்குள் வரமாட்டார் என்று பதில் வந்தது. காப்புக் கட்டு முடிஞ்சுதானாம்.

"அப்ப காப்புக் கட்டு முடிஞ்சே வாரனுங்."

"பொங்கலுக்கு இப்பிடியேவாங்ணா இருக்கோணும்?"

"ரெண்டு ஓட்டைதானுங். கேட்டுப் பக்கம் இல்ல பாருங், அக்கட்டதான இருக்குது. கோலத்தப் பெருசாப் போட்டு விட்டுருங், ஒருத்தரும் செவுத்தப் பாக்க மாட்டாங்."

மருமகள் முதல்முறையாகச் சிரித்தார். வாளிகள் ஒன்றுக்குள் ஒன்று போயின. சாக்கில் குவிந்த பாசியைப் பெரியவர் தன் ரோஜாத் தொட்டிகளுக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எக்ஸெல் இரண்டாவது உதையில் கிளம்பியது; அந்த அம்மா ஒருபக்கமாக ஏறி, கைப்பிடியில் ஆடிய பால் கவரை எட்டிச் சரிசெய்தார்.

"நாளைக்குச் சும்மாவாங் இருப்பீங்க?" என்றார் பெரியவர்.

"இல்லீங்கய்யா. சௌரிபாளையத்துல ஒரு செவுருங். ஆசிட்ட ஊத்திப்போட்டுக் கூப்புடறாங்."